தொழுநோய் பாதித்தவருக்குத் துணை நிற்பது எப்படி: சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழுநோய்க்கு மருந்து உண்டு. அரசு இலவசமாகவே கொடுக்கிறது. ஆறு மாதத்தில், மிஞ்சிப்போனால் ஓராண்டில் சிகிச்சை முடிந்துவிடும். இவ்வளவு இருந்தும் விரல் மடங்கிப்போய், உள்ளங்காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். தோலில் ஒரு தேமல் வந்தது, கிள்ளினாலும் தெரியவில்லை, உள்ளுக்குள் பயம் வந்தது, முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தார்கள். மறைத்த அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் நரம்பு போனது.

அதனால் ஒதுக்கிவைப்பதை வெறும் மனிதாபிமானப் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை. ஊனம் வருவதற்கே அது ஒரு காரணம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆபீசிலோ ஒருவருக்கு இந்த நோய் என்றால், அவர் மறைக்க வேண்டிய தேவையை எவ்வளவு குறைக்கிறீர்களோ அந்த அளவுக்கு அவர் கையும் காலும் தப்பும். கீழே வரும் எல்லாம் அந்தக் கணக்கில் சொல்பவைதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

இது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமியால் வருகிறது. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். ரொம்ப மந்தமான கிருமி. உள்ளே புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகலாம். சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழும்போது மூக்கு, வாய் வழியாகத் தெறிக்கும் நீர்த்துளிகளால் பரவுகிறது. அப்படியே பரவினாலும் நூற்றுக்கு 95 பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கை குலுக்கினால் ஒட்டாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. பரம்பரையாகவும் வராது. மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே பரப்பும் தன்மை போய்விடும்.

போன பிறவிப் பாவம், பாம்பை அடித்த சாபம், தப்பான நடத்தை என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பழைய நாடகத்திலும் சினிமாவிலும் கெட்டவனுக்குக் கடைசிக் காட்சியில் இந்த நோயைக் கொடுத்துக் கொடுத்து, அது தண்டனை என்று மனதில் பதிந்துவிட்டது. அதைப் பிடுங்கத்தான் பாடு.

இன்னொரு சிக்கல், நோயே ஒழிந்துவிட்டது என்கிற நினைப்பு. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-இல் எட்டியது. அதை ஒழிப்பு என்று அறிவித்தார்கள். ஆனால் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உலகக் கணக்கில் அது பாதிக்கும் மேல். தமிழ்நாட்டில் எண்ணிக்கை குறைவுதான். குறைவு என்பதாலேயே யாருக்கும் சட்டென்று இந்தச் சந்தேகம் வருவதில்லை.

படி 1: தேமலைச் சோதிப்பது

பார்க்க வேண்டியது: சுற்றியுள்ள தோலைவிட வெளுத்த அல்லது சிவந்த படை. அரிப்பு இருக்காது, அந்த இடத்தில் வியர்க்காது, முடி கொட்டியிருக்கலாம். முக்கியமாக, தொடுவது தெரியாது. அரிப்பெடுக்கும் படை பெரும்பாலும் பூஞ்சைதான், அதற்கு அலற வேண்டாம். தேமலே இல்லாமலும் வரலாம்: காது மடல் தடித்துப் பளபளப்பது, புருவத்தில் முடி உதிர்வது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, செருப்பு நழுவியது தெரியாமல் நடப்பது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பஞ்சைத் திரி மாதிரி முறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்க்கும்போதே நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, படை உள்ள இடம், இல்லாத இடம் என்று மாற்றி மாற்றித் தொட்டு, தொட்ட இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். படையில் மட்டும் தவறவிட்டால் டாக்டரிடம் போக அது போதும். சுடுதண்ணீர், ஊதுபத்தி வைத்துச் சோதிக்கும் விளையாட்டு வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோகும்.

எங்கே போவது? பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இல்லையென்றால் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என எந்த அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் நோய்ப் பிரிவுக்கும் போகலாம். தனியார் தோல் மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. ஆனால் கூட்டு மருந்து அட்டை (இந்த நோய்க்கான பல மருந்துகளைச் சேர்த்த மாத்திரை அட்டை) அரசிடம் இலவசமாகக் கிடைக்கும்போது கைக்காசைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கூட வாருங்கள் என்று அவர் கேட்டால் போங்கள். டாக்டர் அறைக்குள் வரலாமா என்று அவரிடமே கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது போனில் யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். ஊழியர் யாராவது பெயரோடு நோயையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டால், “சிஸ்டர், பேர் மட்டும் கூப்பிடுங்க” என்று அங்கேயே தன்மையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

படி 2: தெரிந்த முதல் வாரம்

முடிவு கையில் வந்ததும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, “நம்ம குடும்பத்துக்கா இப்படி” என்ற அழுகை. இன்னொன்று, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு” என்ற சமாளிப்பு. இரண்டாவதுதான் ஆறுதல் போலத் தோன்றும், ஆனால் மருந்தை அலட்சியப்படுத்த வைப்பதும் அதுதான். நேராகச் சொல்லுங்கள்: “அண்ணே, இது தொழுநோய்தான். மாத்திரை சாப்பிட்டா கிருமி போயிடும். மரத்த இடத்தைக் கவனமா பாத்துக்கணும். ஒவ்வொரு மாசமும் அட்டை வாங்க நானும் வர்றேன்.” இதைவிடப் பெரிய வசனம் எதுவும் தேவையில்லை.

யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு. ஒரே ஒரு விதிவிலக்கு, ஒரே வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் எல்லோரும் தோலைக் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு முன்தடுப்பாக ரிஃபாம்பிசின் என்ற மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கிடையாது. சுகாதாரப் பணியாளர் அக்கம்பக்கத்திலும் பார்க்க வேண்டும் என்றால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. இதை முதல் நாளே சுகாதாரப் பணியாளரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் மருந்துப் பையோடு வந்து “இந்த வீட்டுலதானே?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனால், அதற்கப்புறம் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் அந்தத் தெருவில் அடுத்த நோயாளி வெளியே வரமாட்டார்.

மனம் உடைந்து சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், அதைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். 104 அல்லது மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம்.

படி 3: மாத்திரை மாதங்கள்

ஐந்து படை வரை இருந்து நரம்புப் பாதிப்பும் பெரிதாக இல்லையென்றால் பொதுவாக ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்ற மருந்துகள் 28 நாளுக்கு ஓர் அட்டையாக வரும். மாதத்தின் முதல் வேளையை ஊழியர் முன்னால் சாப்பிட வேண்டும், மீதி வீட்டில். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தொடரலாம்.

இந்த மாதங்களில் மருந்தை விட்டுவிட வைக்கும் காரணங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். குளோஃபாசிமின் தோலைக் கருக்க வைக்கும். இது கேட்கச் சாதாரணமாக இருக்கும், நம் ஊரில் சாதாரணம் இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், “என்னடி இப்படிக் கருத்துட்டே, உடம்புக்கு என்ன?” என்று நாலு அத்தை கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மாத்திரையை நிறுத்தும் பெண்கள் உண்டு. மருந்து முடிந்து மாதக்கணக்கில் நிறம் மெல்லத் திரும்பிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்கு ஒரு பதிலையும் தயார் செய்து கொடுங்கள். “தோலுக்கு மாத்திரை சாப்பிடறேன் அத்தை, அதனாலதான்.” பொய்யும் இல்லை, மேற்கொண்டு விசாரணையும் இல்லை.

ஆரம்ப வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், கண் மஞ்சளானால், அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதிலிருந்து வேறுபட்டது எதிர்வினை. இதைப் பற்றிக் குடும்பங்களுக்கு யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பழைய படைகள் சிவந்து வீங்கும், முழங்கை நரம்பு சுண்டி வலிக்கும், காய்ச்சலோடு வலிக்கும் கட்டிகள் கிளம்பும், கண் சிவக்கும், ஒரே வாரத்தில் கைப்பிடி தளரும். “மருந்து ஒத்துக்கலை, நோய் முத்திடுச்சு” என்று வீட்டில் முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் இது கிருமியை எதிர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்யும் சண்டை. நரம்பு நசுங்குவது இந்தச் சண்டையில்தான். உடனே போனால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆறு மாதத்துக்குள் ஏற்பட்ட பலவீனம் பெரும்பாலும் திரும்ப வாய்ப்புண்டு, பழையது திரும்புவது கஷ்டம். கூட்டு மருந்தையும் நிறுத்தக் கூடாது, பிரட்னிசோலோனையும் தானாக நிறுத்தக் கூடாது.

அதனால் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடச் சோதனை ஒன்று: கண்ணை மெதுவாக மூடினால் இமை முழுக்க மூடுகிறதா? உள்ளங்கையை மேலே காட்டி வைத்து, சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரித்து நீங்கள் லேசாகத் தள்ளும்போது தாங்குகிறாரா? கட்டைவிரலை நேரே மேலே தூக்க முடிகிறதா? மணிக்கட்டை நிமிர்த்த முடிகிறதா? உட்கார்ந்தபடி குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்க முடிகிறதா? போன வாரத்தைவிட ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலையில் மருத்துவமனை. அடுத்த அட்டை வாங்கும் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

படி 4: மரத்த கை, மரத்த கால்

விரல் “அழுகி விழும்” என்பார்கள். அப்படி விழுவதில்லை. வலி தெரியாத விரலில் மறுபடி மறுபடி காயம் பட்டு, சீழ் பிடித்து, எலும்பு கரைந்து குட்டையாகிறது. இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில்தான். 1940-களின் கடைசியில் அங்கே டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அறுவை முடிந்து நன்றாக இருந்த சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல்போவது அவருக்குப் புதிராக இருந்தது. கண்விழித்துப் பார்த்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. கடிபட்டவருக்கு எதுவும் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

எலி இருக்கும் ஒண்டுக் குடித்தன வீடுகள் சென்னையிலும் இருக்கின்றன. தரையில் படுப்பவர் என்றால் ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்கிக்கொடுப்பது நல்ல உதவி.

வலிக்குப் பதில் கண்தான் இனி காவல். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குக் கண்ணாடி, கண்ணும் சரியில்லை என்றால் நீங்கள்.

பாதப் பராமரிப்பு இப்படி: பிளாஸ்டிக் டப்பில் சாதாரணத் தண்ணீர், கணுக்கால் முழுகும் அளவுக்கு. சூடு வேண்டாம், உப்பும் மருந்தும் வேண்டாம். இருபது நிமிடம் கால் ஊற வேண்டும். ஒரு சீரியல் ஓடும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். தோல் மெத்தென்று ஆனதும், வெளியே எடுத்து, குதிகாலிலும் பெருவிரலடியிலும் கெட்டித்த காய்ப்பை வழவழப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிளேடு தொடவே கூடாது. ஈரம் சொட்டும்போதே துடைக்காமல் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவினால் ஈரம் உள்ளே நிற்கும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் தேங்கவிடாமல் துடைத்துவிடுங்கள். கைக்கும் இதே முறைதான். திறந்த புண் இருந்தால், புண்ணைச் சுத்தமான துணியால் கட்டி, அந்தக் காலில் நடப்பதை முடிந்தவரை குறைக்க வேண்டும். உள்ளங்கால் புண் ஆறாததற்கு முக்கியக் காரணம் நடந்துகொண்டே இருப்பது. களிம்பு மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. புண்ணில் நாற்றம், சீழ், வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை.

செருப்பு: பின்பட்டை உள்ளது, உள்ளே எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் ஆணி குத்தாத கெட்டி அடித்தளம். ஹவாய் செருப்பை விரலால் கவ்விப் பிடிக்க முடியாது, கழன்றாலும் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பை அரசு தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். போடும் முன் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள், கல் கிடக்கும். புதுச் செருப்பென்றால் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. சித்திரை வெயிலில் கோயில் வெளிப்பிராகாரக் கல். ஷேர் ஆட்டோவில் இன்ஜின் பக்கம் உரசும் கால். பைக் சைலன்சர். கார்த்திகை மழையில் முழங்கால் அளவு சாக்கடை கலந்த தண்ணீர். புண் இருந்தால் அதில் இறங்கவே கூடாது. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்: உள்ளங்கை வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், கைக்குட்டையைச் சுற்றிப் பிடிக்கட்டும். சமைப்பவர் என்றால் இடுக்கியும் கனமான கைப்பிடித் துணியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள், ஆடியில் தீ மிதிக்கிறவர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வெறுங்கால் விரதத்தைப் போய் “மூடநம்பிக்கை” என்று சொன்னால் அவர் உங்களிடம் சொல்லாமல் போவார், அவ்வளவுதான். குருசாமியிடம் பேசுங்கள். உடம்புக்கு முடியாதவர் பாதத்தை மூடிக்கொள்ளலாம் என்று அவர் வாயால் சொன்னால் எடுபடும். தீ மிதிப்பதற்கு மட்டும் சமரசம் கிடையாது.

கண்ணை முழுக்க மூட முடியாதவருக்கு: பகலில் மூக்குக்கண்ணாடி, அடிக்கடி நினைத்து நினைத்து இமைப்பது, இரவில் சுத்தமான துணியால் மூடிப் படுப்பது. கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தாது என்பதால் தினமும் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மடங்கிய விரல், தொங்கும் பாதம், மூடாத இமை ஆகியவற்றை அறுவை சிகிச்சையில் பெருமளவு சரிசெய்யலாம். கை அறுவைக்குப் பேர்போன ஸ்டான்லி மருத்துவமனையிலும், செங்கல்பட்டில் உள்ள மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்திலும், காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியிலும் விசாரியுங்கள். கரிகிரி மருத்துவமனை 1955-இல் தொழுநோய்க்காகவே தொடங்கப்பட்டது. அறுவைக்கு வருகிறவர்களின் கூலி இழப்புக்காக மத்திய அரசுத் திட்டத்தில் 12,000 ரூபாய் நலத்தொகை உண்டு. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காலுக்கான தாங்கிகள், செயற்கைக் கால் செய்து தருகிறார்கள். பரிசோதனைக்கு ரயிலில் போகும் தொற்றாத தொழுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் 75 சதவீதக் கட்டணச் சலுகை இருக்கிறது, மருத்துவரின் சான்று வேண்டும்.

படி 5: வீட்டுக்குள்ளே

தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். யாரும் வாயால் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் கவிழ்த்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். அவர் அதைப் பார்த்த நிமிடமே புரிந்துகொள்வார். மருத்துவ ரீதியாக அந்த டம்ளருக்கு எந்த அவசியமும் இல்லை. எடுத்துவிடுங்கள்.

பாட்டிக்கு விளக்கிச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லையா? விளக்க வேண்டாம். நோய் வந்தவர் கையாலேயே ஒரு வாய் சோற்றைப் பேரக்குழந்தைக்கு ஊட்டச் சொல்லுங்கள். அதை நீங்கள் பதறாமல் பார்த்துக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்க்கட்டும். வேலை எதையும் பிடுங்காதீர்கள். ஆபத்தான வேலையை மட்டும் மாற்றிக்கொடுங்கள். வடை சுடுவதை நீங்கள் எடுத்துக்கொண்டு கணக்கு எழுதுவதை அவரிடம் கொடுங்கள்.

கல்யாணம். இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும், என்னுடையதைச் சொல்கிறேன். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும், முடிந்தால் டாக்டர் முன்னால் உட்காரவைத்து. மறைத்துக் கட்டிய கல்யாணத்தில் பழைய மாத்திரைச் சீட்டு ஒன்று பரணிலிருந்து விழுந்தாலே போதும். ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்கு: 2019-இல் நாடாளுமன்றம் திருமணச் சட்டங்களைத் திருத்தி, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவை இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டங்களிலிருந்து நீக்கிவிட்டது. “வியாதியை வச்சே வெட்டிவிட்டுடுவேன்” என்று மிரட்டும் மாமியார் வீட்டுக்கு இதைச் சொல்லலாம்.

படி 6: வேலை, வாடகை வீடு, தெரு

முதலாளிக்குத் தேவைப்படுவது ஒரே தகவல்: சிகிச்சையில் இருக்கிறார், பிறருக்குப் பரவாது. இதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அவர் கேட்காதவரை கொடுக்க வேண்டியதில்லை. நீங்களே முதலாளி என்றால், சூடான இயந்திரம், கூர்மையான கருவி இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள், சம்பளத்தைத் தொடாதீர்கள். அரசு வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது.

அதே சட்டத்தின் 92-ஆவது பிரிவு நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தெருக்குழாயில் குடத்தைத் தள்ளிவிட்டு “குஷ்டம் பிடிச்சவ” என்று கத்துவது இதில் வரக்கூடும். உடனே போலீசுக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதே தெருவில்தான் நாளைக்கும் குடியிருக்க வேண்டும். முதலில் மதிப்பானவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். பிரிவு எண் தெரிந்து பேசுகிறவருக்கு ஒரு தெம்பு வரும், எதிராளிக்கும் அது தெரியும். மசியவில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வக்கீல் இலவசம்.

வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னால், சுகாதார நிலைய டாக்டரையோ செவிலியரையோ ஒருமுறை அவரிடம் பேசவைப்பதுதான் நான் பார்த்தவரை வேலை செய்யும் வழி. நாம் சொன்னால் வாடகைக்காரன் பேச்சு, வெள்ளைக் கோட்டு சொன்னால் செய்தி. அதற்கும் நோயாளியின் சம்மதம் முதலில் வேண்டும்.

படி 7: காகித வேலை

சிகிச்சை முடிந்தும் உணர்ச்சி இழப்போ ஊனமோ மிஞ்சியிருந்தால், 2016 சட்டம் பட்டியலிட்ட 21 வகை மாற்றுத்திறனாளிகளில் தொழுநோயிலிருந்து குணமானவரும் ஒருவர். முதலில் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனை மருத்துவக் குழு முன் போக வேண்டும். விரல் நேராக இருந்து மரத்துமட்டும் போயிருந்தால் “பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க” என்று திருப்பி அனுப்பக்கூடும். வெளியே தெரியும் ஊனம் இல்லாமல் உணர்ச்சி இழப்பு மட்டும் இருந்தாலும் சட்ட வரையறையில் வரும். அதை எடுத்துச் சொல்ல நீங்கள் கூட இருக்க வேண்டும். பழைய சிகிச்சை அட்டை, உணர்ச்சிச் சோதனைக் குறிப்பு இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம். குறை இருந்தால் காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் உள்ள மாநில ஆணையர் அலுவலகம். 

கைரேகை ஒரு தனித் தொல்லை. ரேகை அழிந்தவருக்கும் விரல் இல்லாதவருக்கும் ஆதார் பதிவில் விதிவிலக்கு உண்டு, கருவிழியை வைத்துப் பதியலாம். வங்கியில் கைநாட்டு வைக்க முடியாதவர் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கி அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருந்தால் மேலாளரிடம் ரிசர்வ் வங்கி விதி என்று கேளுங்கள்.

படி 8: தொழுநோய்க் குடியிருப்புகளுக்குப் போகிறவர்களுக்கு

1898-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரன்ட் இல்லாமல் பிடித்து அடைக்க அனுமதித்தது. நாடாளுமன்றம் அதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது 2016-இல்தான். அந்தக் காலத்து மனப்பான்மையால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழ்ந்த இடங்கள்தான் செங்கல்பட்டுப் பக்கம் பரனூர், பாரதபுரம் போன்றவை. அங்கே இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் எப்போதோ குணமானவர்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோயே வந்ததில்லை, முகவரி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோவது பாவமில்லை. ஆனால் படம் எடுக்காதீர்கள், மடங்கிய கையில் பொட்டலம் வைக்கும் அந்தப் படத்தை நிச்சயமாக எடுக்காதீர்கள். போகும் முன் குடியிருப்புத் தலைவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பஞ்சு, புண் கட்டும் துணி, எம்.சி.ஆர். செருப்பு, கல்லூரிக் கட்டணம், பிள்ளைகளுக்கு வேலைக்கான சிபாரிசு என்று பதில் வரும். குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமன் தமிழகக் குடியிருப்புகளில் செய்தது சிறுகடன். மாடு வாங்க, கடை வைக்க என்று கடனாகக் கொடுத்தார், அவர்களும் தவணை தவறாமல் கட்டினார்கள். வாங்கிய கடனை அடைப்பவரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்ல முடியாது.

காந்தி நினைவு நாளான ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாள். அன்று உங்கள் பள்ளியிலோ அடுக்ககத்திலோ நிகழ்ச்சி வைத்தால், டாக்டர் அரை மணி நேரம் பேசட்டும், குணமான ஒருவர் விருப்பப்பட்டால் பத்து நிமிடம் பேசட்டும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள், பந்தியில் கலந்து உட்கார்ந்து. போஸ்டரில் ஊனமான கைகளின் படம் வேண்டாம். பார்ப்பவருக்கு வெளுத்த தேமல் எப்படியிருக்கும் என்பதுதான் தெரிய வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி அட்டை தீர்ந்ததும் டாக்டர் முடித்துவைப்பார். தேமல் அப்படியே தெரியலாம், உணர்ச்சியும் திரும்பாமல் இருக்கலாம். “இன்னும் போகலையே” என்று நாட்டு வைத்தியரிடம் ஓடி உலோகப் பஸ்பம் வாங்கித் தின்ன வேண்டாம், கிருமி போய்விட்டது. எதிர்வினை மட்டும் சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஓரிரண்டு ஆண்டு கழித்தும் வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். புதிய படை, நரம்பு வலி, கண் சிவப்பு, கைப்பிடி தளர்வு, ஆறாத புண் இவற்றில் எது வந்தாலும் பழைய அட்டையோடு அதே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை முடித்த சான்றை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை யு.டி.ஐ.டி. அட்டையோடு வையுங்கள். இன்னொன்றைப் போனில் படமாக எடுத்து வைத்துக்கொண்டால், பரணில் தேட வேண்டியிருக்காது.